எத்தனை மணிக்கு மக்கர் பண்ணுது?

இந்த மேசைக்குக் கெட்டுப்போன டிஸ்ப்ளே வருவதே இல்லை. வருவதெல்லாம் அங்கே கெட்டு, இங்கே வந்ததும் சமர்த்தாக எரிபவை! கோத்தகிரியிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தவர் பெட்டியைத் திறந்து, ஒயரைச் செருகி, "பாருங்க சார்..." என்று ஆரம்பிப்பதற்குள் பச்சைத் திரையில் எழுத்துகள் பளிச்சென்று வந்து நிற்கும். அப்போது அவர் முகத்தைப் பார்க்கணுமே! "சத்தியமா சார், காலையில ஒண்ணுமே தெரியலை" என்பார். நம்புகிறேன். முழுசாக நம்புகிறேன். எனக்குக் கை பரபரக்க ஆரம்பிப்பதே அந்த இடத்தில்தான்.

வாங்க, உள்ளே வாங்க. குன்னூரில் ஒரு மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் தேயிலைச் சரிவு தெரியும். கூடவே மூட்டமும் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதால் ஜன்னல் பெரும்பாலும் சாத்தித்தான் இருக்கும். மேசைமேல் சோல்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், தேய்ந்த டூத் பிரஷ், ஐசோபுரொபைல் ஆல்கஹால், வீட்டம்மாவிடம் கடன் வாங்கி இன்னும் திருப்பித் தராத ஹேர் டிரையர், ஒரு டம்ளர் நிறைய எரிந்து முடிந்த ஊதுவத்திக் குச்சிகள். குச்சி எதற்கா? வரும், வரும்.

இங்கே வருபவை எல்லாம் ஆசைக்குச் செய்த பெட்டிகள். காளான் ஷெட்டுக்கு ஈரப்பதம் காட்டுவது, பாலிஹவுஸ் பூக்களுக்கு வெப்பநிலை காட்டுவது, பள்ளிக்கூடப் பிள்ளை அறிவியல் கண்காட்சிக்குச் செய்த மழைமானி. ஒரு அர்டுயினோ, ஒரு சென்சார், முகப்பில் பதினாறு எழுத்து இரண்டு வரி எல்சிடி. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பெரும்பாலும் ஒரே குடும்பம்தான்: ஜப்பானின் ஹிட்டாச்சி உருவாக்கிய ஹெச்டி44780 என்ற கன்ட்ரோலர், அல்லது அதை அச்சு அசலாகப் பின்பற்றும் ஒரு சிப். பல பத்தாண்டுப் பழசு. இன்னும் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது.

மேசையில் உட்கார்ந்ததும் நான் முதலில் எடுப்பது ஸ்க்ரூ டிரைவர் இல்லை, கோடு போட்ட ஒரு நோட்டு. "என்ன ஆச்சு?" என்று கேட்க மாட்டேன். "எத்தனை மணிக்கு ஆச்சு?" அதுதான் கேள்வி. நீலகிரியில் ஒரே நாளுக்குள் உறைபனி, சுள்ளென்ற வெயில், சாரல், மூட்டம் எல்லாம் முறைபோட்டு வந்து போகும். பெட்டிக்குள் ஒளிந்திருக்கும் ஒவ்வொரு கோளாறும் அதில் தனக்கென்று ஒரு வேளையைப் பிடித்து வைத்திருக்கும். வேளை தெரிந்துவிட்டால் ஆள் பாதி பிடிபட்ட மாதிரி.

இருப்பதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது ஜப்பான் கோளாறு! குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. அங்கேயுள்ள டீ மேக்கர் ராத்திரி போன் பண்ணுவார்.

"தம்பி, உங்க பெட்டி மறுபடியும் ஜப்பான்காரனாயிடுச்சு!"

"எத்தனை மணிக்குண்ணா?"

"மணியை எல்லாம் யாரு பாத்தா... ஃபேனைப் போட்டேன், திரும்பிப் பாத்தா இப்படி நிக்குது."

அந்தப் பெட்டி விளையாட்டுச் சாமான் இல்லை. பறித்துவந்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து பெரிய விசிறியால் காற்று ஊதி, ராத்திரி முழுக்க வாட்டுவார்கள். வாட்டம் சரியாக வராவிட்டால் அதற்கப்புறம் எந்த மெஷினில் போட்டாலும் டீ தேறாது. மூட்டமான ராத்திரியில் வெளிக்காற்றே சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும். அப்போது சூடான காற்றைக் கலக்க வேண்டும். எவ்வளவு கலப்பது? ஒரு வெப்பமானியின் பல்பில் ஈரத்துணி சுற்றியிருக்கும், இன்னொன்று வெறுமனே இருக்கும். இரண்டும் காட்டும் அளவுக்கு நடுவிலுள்ள வித்தியாசத்தைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். அந்த வித்தியாசத்தை எண்ணாகக் காட்டத்தான் இந்தப் பெட்டி. அதில் போய் ஜப்பானிய எழுத்து வந்து நின்றால்?

காரணத்தைக் கேளுங்கள், துள்ளிக் குதிப்பீர்கள். ஒயரை மிச்சம்பிடிக்க, இந்த எல்சிடிக்கு ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு பாதியாக அனுப்புவோம். முதலில் முன்பாதி நாலு பிட், அடுத்து பின்பாதி நாலு பிட். "இந்தா, எடுத்துக்கோ" என்று சொல்ல எனேபிள் என்று ஒரு கம்பி. அதில் ஒரு துடிப்பு வந்தால் டிஸ்ப்ளே ஒரு பாதியை வாங்கிக்கொள்ளும். இப்போது விசிறி மோட்டாரின் பெரிய சுவிட்சான கான்டாக்டர் ‘டப்’ என்று விழுகிறது. அந்த அதிர்வு, பக்கத்திலேயே ஓடும் ரிப்பன் கேபிளில் ஏறி, எனேபிள் கம்பியில் ஒரு கள்ளத் துடிப்பைக் கிளப்பிவிடுகிறது. அவ்வளவுதான்! வராத பாதியை வந்ததாக டிஸ்ப்ளே கணக்கு வைத்துக்கொள்ளும். சினிமா கொட்டகையில் வரிசைக்கு நடுவில் ஒருவர் புகுந்து உட்கார்ந்துவிட்டால் அதற்கப்புறம் எல்லோரும் ஒரு சீட்டு தள்ளி உட்கார வேண்டியிருக்குமே, அதே கதை. ஓர் எழுத்தின் பின்பாதியும் அடுத்த எழுத்தின் முன்பாதியும் ஜோடி சேர்ந்துவிடும்.

அதுசரி, ஜப்பான் எங்கிருந்து வந்தது? சிப்புக்குள்ளேயே! கடையில் அதிகம் கிடைக்கும் ரகத்தில், ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் கதகனா எழுத்துகளும் நிரந்தரமாகப் பதிந்திருக்கின்றன. ‘டெம்ப்’ என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் காட்டச் சொன்னோம் என்று வையுங்கள். ‘எம்’ எழுத்தின் பின்பாதியும் ‘பி’ எழுத்தின் முன்பாதியும் ஒட்டிக்கொண்டால் கிடைப்பது ஜப்பானிய ‘ர’. தாளில் எழுதிப் போட்டுப் பார்த்தேன், அச்சாக வந்தது. கோளாறைக் கையால் கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்ல முடிகிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்கு எந்த விலையும் கொடுக்கலாம்.

மருந்து மூன்று. டிஸ்ப்ளேக்குப் போகும் கேபிளைக் குட்டையாக வெட்டி, மோட்டார் ஒயரை விட்டு விலக்கிப் போட்டோம். தொழிற்சாலை எலக்ட்ரீஷியன் கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்த ஸ்னப்பர் ஒன்றை மாட்டினார். (மெயின்ஸ் பக்கம் நான் கை வைப்பதில்லை, நீங்களும் வைக்காதீர்கள்.) மூன்றாவதுதான் சுவாரசியம்: புரோகிராம் அவ்வப்போது டிஸ்ப்ளேயை அடியிலிருந்து மறுபடி எழுப்பிவிடும். ‘மூன்று’ என்ற எண்ணை மூன்று தடவை அனுப்பி, அப்புறம் ‘இரண்டு’. கன்ட்ரோலரின் ஏட்டிலேயே போட்டிருக்கும் மந்திரம் இது. பாதி கணக்கு எந்த இடத்தில் தப்பிக் கிடந்தாலும் இந்த வரிசை அதை நேராக்கிவிடும். கண்ணை இமைக்கும் நேரம்கூட ஆகாது. டீ மேக்கருக்குத் தெரியவே தெரியாது.

இதோடு ஒட்டிய இன்னொரு வேடிக்கை. பெட்டியில் தமிழில் காட்டவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சி. இந்த சிப்பில் நாமே வரைந்துகொள்ள எட்டே எட்டு எழுத்துகளுக்குத்தான் இடம்; ஒவ்வொன்றும் ஐந்துக்கு எட்டுப் புள்ளி. ‘ட’ சுலபம். ‘ஊ’ வரைய இரண்டு கட்டம் வேண்டும். ‘ணை’ பக்கமே போகாதீர்கள். ஆனால் இப்படி வரைந்த எழுத்துகள் மின்சாரம் இருக்கும்வரைதான் நினைவில் நிற்கும். டிஸ்ப்ளேக்குப் போகும் கரண்ட் ஒரு நொடி தள்ளாடினாலே தமிழ் எழுத்துகள் கலைந்து புள்ளிக்கோலம் ஆகிவிடும். சிப்போடு பிறந்த ஆங்கிலத்துக்கு ஒன்றும் ஆகாது. அநியாயம்தான். ஆனால் துப்பறிய எவ்வளவு வசதி! தமிழ் கலைந்து ஆங்கிலம் நின்றால், மின்சாரம் தள்ளாடியிருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம். மேல் வரியில் மட்டும் பதினாறு கறுப்புக் கட்டம் நின்றால், டிஸ்ப்ளேக்குக் கரண்ட் வந்துவிட்டது, அதனோடு யாரும் இன்னும் பேசத் தொடங்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது விடியற்காலைக் கேஸ். டிசம்பர், ஜனவரியில் ஊட்டி தலைக்குந்தா பக்கம் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும். அங்கே கார்னேஷன் வளர்க்கும் ஒருவரின் பாலிஹவுஸில் வெப்பமானிப் பெட்டி. பூக்களுக்கு ஆபத்தான நேரம் விடியற்காலை. பெட்டி கண்ணை மூடிக்கொள்வதும் அதே விடியற்காலை. பின்விளக்கு ஜம்மென்று எரியும், எழுத்து மட்டும் இருக்காது. பத்து மணி வெயிலுக்கு எல்லாம் திரும்பி வந்துவிடும். அவர் மூன்று டிஸ்ப்ளே மாற்றிவிட்டார், பாவம். மூன்றும் நல்ல டிஸ்ப்ளேக்கள்.

எல்சிடியின் கண்ணாடிக்கு நடுவே இருப்பது திரவப் படிகம். மின்னழுத்தம் கொடுத்தால் அதன் மூலக்கூறுகள் திரும்பும், எழுத்து கறுப்பாகத் தெரியும். குளிர ஆரம்பித்தால் அது கெட்டிப்படும்; அதே மூலக்கூறைத் திருப்ப இன்னும் அதிக அழுத்தம் வேண்டும். ஆனால் நாமோ பின்பக்கமிருக்கும் கான்ட்ராஸ்ட் திருகை ஒரு பகல்பொழுதில் திருகி, ‘ஆஹா, நல்லாத் தெரியுது’ என்று விட்டுவிட்டோம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர், ஊட்டி 2,200 மீட்டர். கீழே சரிபார்த்த பெட்டி மேலே வந்தால் மங்கத்தானே செய்யும்? சாதாரண ரக எல்சிடிக்குப் பூஜ்யம் முதல் 50 டிகிரி வரைதான் உத்தரவாதம். உறைபனிக் காலையில் பாலிஹவுஸ் ஓரத்தில் அது எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது.

இதை நிரூபிக்க வேண்டுமே! பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைக் கட்டி, ஃப்ரிட்ஜுக்குள் இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒயர் மட்டும் கதவு ரப்பர் வழியாக வெளியே.

"மாவுக்குப் பக்கத்துல இது என்னங்க?"

"காய்ச்சல் பாக்குறேன்மா."

"மாவுக்கா?"

கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் எழுத்துகள் பேய்போல வெளுத்து நின்றன. கான்ட்ராஸ்ட்டை ஒரு துளி திருகினேன். எல்லாம் திரும்பி வந்தது! கத்திவிட்டேன், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஒரு எச்சரிக்கை: வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை அப்படியே கிடக்கட்டும். இல்லாவிட்டால் குளிர்ந்த போர்டு முழுக்க வியர்த்து, இல்லாத கோளாறைப் புதிதாக உண்டாக்கிவிடும்.

நிரந்தர மருந்து என்ன தெரியுமா? பெட்டிக்குள்ளேயே வெப்பநிலை சென்சார் சும்மா உட்கார்ந்திருக்கிறதே! குளிர் எவ்வளவு என்று அதற்குத்தான் நன்றாகத் தெரியும். திருகை எடுத்துவிட்டு, கான்ட்ராஸ்ட் கம்பியை அர்டுயினோவின் ஒரு பின்னோடு ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர் வழியாகச் சேர்த்தோம். குளிரக் குளிரப் புரோகிராமே கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிக்கொள்ளும். பெட்டி தன் கண்ணைத் தானே துடைத்துக்கொள்கிறது! இவ்வளவு வேண்டாம் என்பவர்கள் மைனஸ் 20 வரை தாங்கும் அகல்வெப்ப ரக எல்சிடி வாங்கலாம், அல்லது ஓஎல்இடிக்கு மாறலாம். ஓஎல்இடி குளிருக்கு அஞ்சாது. ஆனால் ஒரே எண்ணை மாதக்கணக்கில் காட்டினால் அதன் தடம் திரையில் பதிந்துவிடும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வேறு மாதிரிப் பேய். ஒரு காளான் ஷெட்டில் மூட்டம் இறங்கியதும் திரையில் பக்கங்கள் தானாகப் புரளும். மெனு திறக்கும், மூடும், பின்விளக்கு அணையும். பட்டனை யாரும் தொடவில்லை! போர்டைத் திருப்பி லென்ஸில் பார்த்தால் சோல்டர் பண்ணின இடமெல்லாம் பழுப்பாக ஃப்ளக்ஸ் பேஸ்ட் அப்பிக்கிடக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்சினால் இலேசாக மின்சாரம் கடத்தும். பட்டன் கம்பிகளை மேலே பிடித்து வைத்திருப்பது சிப்புக்குள்ளிருக்கும் பலவீனமான ஒரு ரெசிஸ்டர்தான். ஈரக் கசிவு அதை ஜெயித்துவிட்டால், சிப்பைப் பொறுத்தவரை பட்டன் அமுங்கிவிட்டது. வெயில் ஏறியதும் காய்ந்து, சமர்த்தான போர்டாகிவிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் டூத் பிரஷும் போட்டு நன்றாகத் தேய்த்தேன், பேய் ஓடிவிட்டது. கூடவே ஒரு பாதுகாப்பு: மலையில் முழுக்க அடைத்த பெட்டி நல்லதில்லை. பகல் சூட்டில் உள்காற்று விரிந்து வெளியேறும், ராத்திரி குளிரில் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும், அது போகவழி இல்லாமல் சொட்டும். அடியில் சின்னதாக ஒரு துளை போடுங்கள்.

சரி, ஊதுவத்திக் குச்சி! பெட்டியைத் தட்டினால் சரியாகும் என்பது நம் வீடுகளில் டிவி காலத்திலிருந்தே தெரிந்த வைத்தியம். அந்த வைத்தியத்தில் தப்பே இல்லை. எங்கே தட்டினோம் என்று குறித்துக்கொள்ளாததுதான் தப்பு. குச்சி மின்சாரம் கடத்தாது, நுனி மெல்லிசு, ஒரு பின்னை மட்டும் தனியாக அழுத்திப் பார்க்கலாம். எல்சிடியின் பதினாறு பின்களையும் வரிசையாக ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போவேன். எழுத்து துடிக்கும் இடத்தில் நிறுத்தி லென்ஸை வைத்தால், பின்னைச் சுற்றி முடி மாதிரி ஒரு வட்டக் கீறல். பழைய மெக்கானிக்குகள் ‘டிரை சோல்டர்’ என்பார்கள். அயர்னை வைத்து உருக்கினால் முடிந்தது. செங்குத்தாக முழு வரிசைப் புள்ளிகளே காணாமல் போனால் அது வேறு சங்கதி: கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவே கடத்தும் அடுக்கும் கடத்தாத அடுக்குமாக மாறி மாறி வரும் வரிக்குதிரை ரப்பர் ஒன்று இருக்கிறது. உலோகச் சட்டத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். புள்ளிகள் திரும்பினால், பின்னால் முறுக்கிவிட்ட சின்னச் சின்னத் தகடுகளைக் குறடால் இன்னும் கொஞ்சம் முறுக்கினால் போதும்.

"கழற்றி மாட்டினேன் சார், சரியாயிடுச்சு" என்று சொல்பவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். அடுத்த வாரம் அதே ஆள் வருவார். ஜம்பர் ஒயரின் முனை வெள்ளீய முலாம். காலை மாலை சூடும் குளிருமாக மாறும்போது இணைப்பு கண்ணுக்குத் தெரியாத அளவு முன்னும் பின்னும் நகரும். ஒவ்வொரு நகர்வுக்கும் முலாம் உராய்ந்து ஒரு துளி ஆக்சைடு சேரும். கழற்றி மாட்டும்போது அது சுரண்டப்பட்டு இணைப்பு பளிச்சென்றாகும்; அப்புறம் மறுபடி முதலிலிருந்து. மலையில் இந்த ஊசலாட்டம் அதிகம். ஆகவே மேசையில் சோதனைக்கு மட்டும்தான் ஜம்பரும் பிரெட்போர்டும். பெட்டிக்குள் போவதென்றால் சோல்டர், இல்லையென்றால் திருகு டெர்மினல்.

ராத்திரியில் மட்டும் வரும் கோளாறுக்கு யார் முழித்திருப்பது? பழைய மொபைல்தான்! திரைக்கு எதிரே நிறுத்தி வீடியோ ஓடவிட்டுத் தூங்கப் போய்விடுவேன். அதைவிடப் பெரிய தந்திரம், இரண்டாவது வரியின் கடைசி மூலையில் நொடிக்கு ஒன்றாக ஏறும் ஒரு எண். யாருக்கும் உறுத்தாது. காலையில் பார்த்தால் அது எல்லாவற்றையும் கக்கிவிடும். எண் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஆரம்பித்திருந்தால் அர்டுயினோவே ரீசெட் ஆகியிருக்கிறது, கரண்டைப் பார். எண் ஓரிடத்தில் உறைந்து நின்று, போர்டில் சிமிட்டும் விளக்கும் நின்றிருந்தால் புரோகிராம் மாட்டிக்கொண்டது. விளக்கு சிமிட்டுகிறது, திரை மட்டும் குப்பை என்றால்தான் டிஸ்ப்ளே பக்கம் போகணும். இந்த மூலை எண்ணைப் போட ஆரம்பித்ததிலிருந்து நல்ல டிஸ்ப்ளேக்களைத் தூக்கி எறிவது நின்றேவிட்டது.

இங்கே கொஞ்சம் ஊட்டிக்குப் போய்விட்டு வரலாம், சின்னதாக ஒரு எட்டு. இவ்வளவு நேரம் பதினாறு பின்னுக்கே இந்தப் பாடுபட்டோமே, அங்கே இரண்டு இடங்கள் இருக்கின்றன. முத்தோரையில் 1970-இல் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் எழுந்த ரேடியோ தொலைநோக்கி: 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1,056 இருமுனை ஆன்டெனாக்கள்! ஊட்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 11 டிகிரியில் இருக்கிறது என்பதால், அதே அளவு சாய்ந்த மலைச்சரிவைத் தேடிப்பிடித்துக் கட்டினார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகக் கிடக்கிறது, ஒரே அச்சில் சுழன்றே வானத்துப் பொருளைப் பல மணி நேரம் தொடர முடிகிறது. இன்னொன்று டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம். அதன் கிரேப்ஸ்-3 சோதனையில் மியூவான் துகள்களை எண்ணுவதற்கு மட்டும் 3,712 குழாய்கள். 2014 டிசம்பர் 1 அன்று ஒரு இடிமேகம் மேலே வந்து நின்றபோது மியூவான் எண்ணிக்கை சுமார் இரண்டு சதவீதம் இறங்கியது. அதை வைத்து அந்த மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்தது என்று கணக்கிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. இரண்டே சதவீதம்! நம் பெட்டியில் அவ்வளவு இறங்கினால் ‘லூஸ் கான்டாக்ட்’ என்று சொல்லி ஒரு தட்டு தட்டியிருப்போம். மேகம்தான், கருவி இல்லை என்று அடித்துச் சொல்ல, கருவியை எவ்வளவு தெரிந்து வைத்திருக்க வேண்டும்!

மலையில் டிஸ்ப்ளே என்பது அலங்காரம் இல்லை என்பதற்கு வால்பாறையைச் சொல்லலாம். அங்கே யானை நடமாடும் இடங்களில் மொபைல் போனிலிருந்தே எரியவைக்கும் சிவப்பு எச்சரிக்கை விளக்குகளை நிறுத்தியிருக்கிறார்கள். இந்த யானை எச்சரிக்கை வேலைக்காக ஆனந்தகுமார் என்ற வனவிலங்கு ஆய்வாளர் 2015-இல் விட்லி விருது வாங்கினார். அப்படிப்பட்ட விளக்கு எரியாமலே போனால் ஆட்கள் அதை நம்ப மாட்டார்கள், பிழைத்துக்கொள்வார்கள். சில நாள் எரிந்து சில நாள் எரியாவிட்டால்தான் வினை.

மிச்சக் கோளாறுகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். நாலு கம்பி ஐ2சி டிஸ்ப்ளேயை மொட்டை மாடியிலிருந்து ஹாலுக்கு இழுப்பவர்களே, ஐ2சி என்பது 1980களின் தொடக்கத்தில் பிலிப்ஸ் நிறுவனம் ஒரே பெட்டிக்குள் இருக்கும் சிப்புகள் பேசிக்கொள்ளச் செய்தது. கம்பி நீள நீள அதன் கொள்திறன் ஏறும். 400 பிகோஃபாரட் தாண்டினால் விதிப்படி செல்லாது. வேகத்தைக் குறையுங்கள், புல்-அப் ரெசிஸ்டரைச் சின்னதாக்குங்கள், அதற்கும் மசியாவிட்டால் அர்டுயினோவையே டிஸ்ப்ளேக்குப் பக்கத்தில் குடிவையுங்கள். டிஸ்ப்ளேயைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால் விலாசம் ஹெக்ஸ் 27-ஆ 3எஃப்-ஆ என்று பாருங்கள். பின்னால் ஒட்டியிருக்கும் சிப்பின் பெயரில் கடைசியில் ஒரு ‘ஏ’ இருந்தால் விலாசமே மாறிவிடும். வைஃபை போர்டு இருந்தால் அது ஒலிபரப்பும் ஒவ்வொரு கணமும் கரண்டை லபக்கென்று இழுக்கும். டிஸ்ப்ளே பக்கத்திலேயே ஒரு 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். கடை வாசலில் சிவப்பில் ஓடும் பி10 போர்டின் கடைசிப் பலகை மட்டும் மினுக்கினால், எல்லாப் பலகைக்கும் ஒரே முனையிலிருந்து ஐந்து வோல்ட் கொடுத்திருப்பார்கள். மறுமுனையிலும் தடித்த ஒயராகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக வந்த கேஸைச் சொல்லாமல் விட முடியாது. ஊட்டியில் வர்க்கி போடும் ஒரு பேக்கரி. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய செவன் செக்மென்ட் டைமர். "தினமும் சாயங்காலம் நாலு, நாலரைக்கு ஆஃப் ஆயிடுது சார். அரை மணி நேரம் கழிச்சுத் தானா வருது." ஆஹா, நேரம் சுத்தமாக இருக்கிறதே! மாவு பிசையும் மெஷின் மோட்டார் என்று முடிவுகட்டி, ஸ்னப்பர் பற்றி மனசுக்குள் பேச்சே தயாரித்துவிட்டுப் போனேன். மெஷின் அந்த நேரத்தில் ஓடுவதே இல்லையாம். அடுப்புச் சூடோ? காலையிலிருந்து ஒரே சூடுதான். நோட்டை எடுத்தேன்.

"தினமுமா அண்ணா?"

"தினமும்தான்... இல்ல, இருங்க. நேத்து வரலை. முந்தாநாளும் வரலை."

"நேத்து என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. ஒரே மூட்டம்."

மூட்டத்தில் கெடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். மூட்டத்தில் மட்டும் நன்றாக ஓடும் டிஸ்ப்ளேயை அன்றைக்குத்தான் பார்த்தேன்! நாலு மணிவரை அங்கேயே டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் மெல்லச் சுவரில் ஏறி, நேராக டைமர் முகத்தில் விழுந்தது. எண்கள் மறைந்தன. எழுந்து போய்க் கையால் மறைத்தேன். எண்கள் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன. அது ஒரு நாளும் அணைந்ததே இல்லை. மலை வெயிலின் வெளிச்சத்துக்கு முன்னால் அந்தப் பழைய எல்இடிகள் தோற்றுப்போயிருந்தன. வர்க்கி டப்பா அட்டையை வெட்டி மேலே ஒரு தாழ்வாரம் வைத்தோம். பக்கத்து ஸ்டேஷனரிக் கடையில் சிவப்புக் கண்ணாடித்தாள் வாங்கி முகப்பில் ஒட்டினோம். எல்இடியின் சிவப்பை விட்டுவிட்டு, மேலே விழும் வெள்ளை வெளிச்சத்தில் மற்ற நிறங்களை அது விழுங்கிவிடும். எண்கள் கனலாகத் தெரிந்தன. சோல்டரிங் அயர்னைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கூலியாக ஒரு கிலோ வர்க்கி கட்டிக் கொடுத்தார்.

"மெஷினைக் கழட்டாமலேயே சரி பண்ணிட்டீங்களே சார்!"

"அண்ணா, இன்னும் அரைக் கிலோ போடுங்க. வீட்டுல ஹேர் டிரையர் கணக்கு ஒண்ணு பாக்கி இருக்கு."